பெட்ரோலே போடலை, 15,000 ரூபாய் போயிடுச்சு! தெரியுமா?

லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து லாஸ் வேகஸ் போகும் வழியில் பார்ஸ்டோ என்று ஒரு பாலைவன ஊர். மதியம் 2 மணி, அனல் பறக்கும் வெயில். வாடகைக் காரைப் பங்கில் நிறுத்தி, பம்பில் உள்ள துளையில் கார்டைச் செருகுகிறான் நம் ஊர்ப் பையன். அதே நொடியில் கோயம்புத்தூரில் இரவு இரண்டரை மணி. வங்கிக் கணக்கோடு இணைந்திருப்பது அப்பாவின் நம்பர். டிங்! 175 டாலர். நம் பணத்தில் கிட்டத்தட்ட 15,000 ரூபாய்!

"ஏங் கண்ணு, கார்டு உங்கிட்டத்தான இருக்குது?"

"இருக்குங்கப்பா."

"பதினஞ்சாயிரத்துக்கு அப்படி என்னத்த வாங்கின?"

"ஒண்ணும் வாங்கலீங்கப்பா, பெட்ரோல் போடப் போறேன்."

"போடப் போறியா, போட்டுட்டியா?"

"இன்னும் டேங்க் மூடியே திறக்கலீங்கப்பா!"

இருவர் சொல்வதும் உண்மை! பையன் ஒரு சொட்டுகூடப் போடவில்லை. அப்பாவின் போனில் 175 டாலரும் பொய்யில்லை. நடுவில் நடந்தது என்ன? திருட்டா? மோசடியா? இரண்டும் இல்லை. அந்தப் பம்ப் நம் ஊர் டவுன் பஸ்ஸில் நாம் செய்கிற அதே வேலையைச் செய்திருக்கிறது. ஆம், ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்திருக்கிறது!

துண்டு போட்ட சீட் எங்கும் போய்விடுவதில்லை. பஸ்ஸுக்குள்ளேயேதான் இருக்கிறது. ஆனால் வேறு யாரும் அதில் உட்கார முடியாது. கார்டு உலகில் இதற்குப் பெயர் ஹோல்ட். நம் ஊர்ப் பேச்சில், பணம் பிளாக் ஆகிவிட்டது. கணக்கை விட்டுப் பணம் வெளியே போகவில்லை, பங்க் முதலாளியின் கைக்கும் போய்ச் சேரவில்லை, ஆனால் நீங்களும் தொட முடியாது!

நமக்கு இது ஏன் புதிதாக இருக்கிறது தெரியுமா? நம் பங்குகளில் "சார், ஜீரோ பாத்துக்கங்க" என்று சொல்லி ஊழியரே பெட்ரோல் போடுகிறார். 500 ரூபாய்க்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம், அல்லது ஃபுல் டேங்க் போட்ட பிறகு மீட்டரைப் பார்த்துக் கார்டு தேய்க்கிறோம். எப்படிப் பார்த்தாலும் கார்டு மெஷினில் விழும் தொகை எவ்வளவு என்று இருவருக்கும் தெரியும். ஆளில்லாத பம்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எதிரே நிற்பது 8 லிட்டர் போடும் சின்னக் காரா, 130 லிட்டர் குடிக்கும் பிக்கப் டிரக்கா? தெரியாது! நிரப்பி முடித்த பிறகு கணக்கில் பணம் இல்லை என்றால் டேங்கிலிருந்து உறிஞ்சி எடுக்கவா முடியும்? அதனால்தான் ஒரு முழு டேங்குக்குப் போதுமான தொகையாக ஒன்றை எடுத்துக்கொண்டு, முதலில் துண்டைப் போட்டுவிடுகிறது.

பங்குச் சந்தையில் புதிய பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு இது பழகிய விஷயம்தான். 2008-இல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கொண்டுவந்த ஆஸ்பா முறையும் இதே துண்டு! விண்ணப்பித்த பணம் நம் கணக்கிலேயே இருக்கும், வட்டிகூட வரும், ஆனால் எடுக்க முடியாது. பங்கு கிடைத்தால் கழியும், கிடைக்காவிட்டால் பூட்டு திறக்கும். அதே சூத்திரம் பாலைவனத்தில், வெயிலில், கையில் நாசிலோடு நடக்கிறது!

சரி, உள்ளே என்ன நடக்கிறது? கார்டு பரிவர்த்தனை என்பது ஒன்றல்ல, இரண்டு! முதலாவது அனுமதி. "இந்தக் கார்டில் இவ்வளவு இருக்கிறதா?" என்று கடை கேட்கிறது, "இருக்கிறது, ஒதுக்கிவிட்டேன்" என்று உங்கள் வங்கி சொல்கிறது. இரண்டாவது தீர்வு. உண்மையான பில் பிறகு வந்து சேர்ந்து, அப்போதுதான் பணம் நகர்கிறது. மளிகைக் கடையில் இரண்டு தொகையும் ஒன்றாகவே இருப்பதால் இந்த இரட்டை வேஷம் நம் கண்ணில் படுவதில்லை. பெட்ரோல் பம்பில்தான் குட்டு உடைகிறது. அனுமதி 175, தீர்வு 38!

கார்டு உலகில் ஒவ்வொரு வியாபாரத்துக்கும் நான்கு இலக்க எண் உண்டு தெரியுமா? ஆள் இருந்து பணம் வாங்கும் பெட்ரோல் நிலையத்துக்கு 5541. ஆளில்லாத பம்புக்கு 5542. ஒரே முதலாளி, ஒரே நிலையம், அதே பெட்ரோல்! ஆனால் உள்ளே கவுன்ட்டரில் தேய்த்தால் ஒரு நம்பர், வெளியே பம்பில் செருகினால் இன்னொன்று. அந்த ஓர் இலக்க வித்தியாசத்தில்தான் நம் அப்பாவின் தூக்கம் அடங்கியிருக்கிறது.

இன்னொரு வேடிக்கை, 1 டாலர் தட்டு! சில அமெரிக்கப் பங்குகள் 175 எல்லாம் கேட்பதில்லை. வெறும் 1 டாலருக்கு அனுமதி கேட்கும். கார்டு உயிரோடு இருக்கிறதா என்று கதவைத் தட்டிப் பார்ப்பது மாதிரி. ஆனால் தட்டுவது பெட்ரோல் பங்க் என்று வங்கிக்குத் தெரியுமே! அதனால் சில வங்கிகள் தாங்களாகவே ஒரு பெரிய தொகையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். போன் போட்டுக் கேட்டால் பங்க் வங்கியைக் கைகாட்டும், வங்கி பங்கைக் கைகாட்டும். இருவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் கொடுமை.

அது சரி, ஏன் குறிப்பாக 175? 2022-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஜூன் மாதம் அமெரிக்காவில் பெட்ரோலின் நாடு தழுவிய சராசரி விலை வரலாற்றில் முதல்முறையாக கேலனுக்கு 5 டாலரைத் தாண்டியது. கேலன் என்றால் அங்கே சுமார் 3.8 லிட்டர். அதுவரை விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் பம்புகளுக்கு வைத்திருந்த உச்சவரம்பு 125 டாலர். பெரிய டிரக்காரர்கள் பாதி டேங்கிலேயே மாட்டிக்கொண்டார்கள். அனுமதித்த தொகை தீர்ந்ததும் பம்ப் சட்டென்று நின்றுவிடும், மறுபடி கார்டைச் செருகி மீதியை நிரப்ப வேண்டும்! புலம்பல் அதிகமாகி, அந்த ஆண்டில் உச்சவரம்பு 175 ஆனது. கவனியுங்கள், அது உச்சவரம்புதான். எல்லாப் பங்கும் 175 பிடிப்பதில்லை. எவ்வளவு என்று பம்பிலேயே ஒரு ஸ்டிக்கரில் போட்டிருப்பவர்களும் உண்டு, அதுவும் பெரும்பாலும் முழங்கால் உயரத்தில், பொடி எழுத்தில்!

அட்லாண்டிக்கைத் தாண்டி பிரிட்டனுக்கு வாருங்கள். அங்கே சூப்பர்மார்க்கெட்காரர்களே பெட்ரோலும் விற்கிறார்கள். காய்கறி வாங்கப் போன இடத்தில் டேங்கையும் நிரப்பிக்கொண்டு வரலாம். நெடுங்காலம் அங்கே 1 பவுண்ட் தட்டுதான். 2018-இல் கார்டு நிறுவனங்களின் விதி மாறியது. அஸ்டா என்ற சூப்பர்மார்க்கெட் தன் சில நிலையங்களில் 99 பவுண்ட் பிடித்துப் பார்த்தது. அவ்வளவுதான், குமுறல்! 20 பவுண்டுக்குப் போட வந்தவரின் கணக்கில் 99 முடங்கியது. கணக்கிலேயே நூற்றுச் சொச்சம் மட்டும் வைத்திருப்பவர் அன்று மாலை ரொட்டி வாங்குவது எப்படி? புகார் குவிந்ததும் அஸ்டா அந்தச் சோதனையை நிறுத்தி வைத்தது. ஆனால் விதி நிற்கவில்லை. பிறகு 100, அதற்கப்புறம் 120 பவுண்ட் என்று இப்போது அது அங்கே சாதாரணம்!

ஒரு நல்ல விஷயமும் அந்த மாற்றத்தோடு வந்தது. கணக்கில் 120 இல்லை, 45 பவுண்ட்தான் இருக்கிறது என்று வையுங்கள். முன்பானால் முகத்தில் அடித்தாற்போல மறுப்பு வந்திருக்கும். இப்போது வங்கி "45 வரை போட்டுக்கொள்ளட்டும்" என்று பகுதி அனுமதி தரலாம். பம்ப் 45 பவுண்டில் தானாக நின்றுகொள்ளும். அதைவிடச் சுலபமான வழியும் அங்கே உண்டு. முதலில் நிரப்பிவிட்டு, பிறகு உள்ளே கடைக்குப் போய்ப் பணம் கட்டுவது. பில் தெரிந்துவிட்டதால் துண்டுக்கு வேலையே இல்லை! ஆஸ்திரேலியாவிலும் பெரும்பாலும் இப்படித்தான். வெள்ளைக்காரர்கள் எவ்வளவு நம்பிக்கையோடு விடுகிறார்கள் பாருங்கள் என்று நம் ஆட்கள் வியப்பார்கள். மேலே இருக்கும் கேமராவை அண்ணாந்து பார்ப்பதில்லை.

அந்த நம்பிக்கை முறிந்த இடமும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லும்போது ஆச்சரியக்குறி போடக் கை வரவில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2005-இல் ஒரு பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்த 24 வயது இளைஞர், பணம் கட்டாமல் கிளம்பிய காரைத் தடுக்கப் போனார். கார் அவரை ஏழு கிலோமீட்டருக்கு மேல் இழுத்துக்கொண்டு போனது. அவர் இறந்துபோனார். அந்தப் பெட்ரோலின் விலை சுமார் 12 டாலர். அவருடைய பெற்றோர் போராடியதன் பலனாக 2008-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. கிராண்டின் சட்டம் என்று அந்த இளைஞரின் பெயராலேயே அழைக்கிறார்கள். பெட்ரோல் போடும் முன் பணம் கட்டியாக வேண்டும் என்பது அதன் சாரம். பக்கத்து மாகாணமான ஆல்பர்ட்டாவும் 2018-இல் அதே விதியைக் கொண்டுவந்தது. அங்கேயும் அதற்கு முந்தைய ஆண்டு ஒரு பங்க் உரிமையாளர் இதே போல உயிரிழந்திருந்தார். வான்கூவரில் பம்ப் முதலில் கார்டைக் கேட்கும்போது நாம் அலுத்துக்கொள்கிறோமே, அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது இது.

மறுபடி அமெரிக்காவுக்கு வருவோம், ஏனென்றால் நம்மவர்களைத் திணறடிக்கும் அடுத்த கேள்வி அங்கேதான் காத்திருக்கிறது. கார்டைச் செருகியதும் திரையில் "ஜிப் கோடு போடு" என்று வரும். அமெரிக்க ஜிப் கோடு 5 இலக்கம், 1963-இல் வந்தது. நம் பின் கோடு 6 இலக்கம், 1972 சுதந்திர தினத்தன்று வந்தது. ஐந்து கட்டத்துக்குள் 641001-ஐ எப்படி நுழைப்பது? கடைசி இலக்கத்தை வெட்டினால் பொருந்தாது, முதல் இலக்கத்தை வெட்டினாலும் பொருந்தாது! கார்டுக்காரரின் முகவரியில் உள்ள எண்ணோடு ஒத்துப்பார்க்கும் திருட்டுத் தடுப்பு வேலை அது. நம் கார்டில் அது நடக்காது. கனடாக்காரர்களுக்கு மட்டும் ஒரு குறுக்குவழி சொல்லித் தந்திருக்கிறார்கள். அவர்களுடைய அஞ்சல் குறியீட்டில் எழுத்தும் எண்ணும் மாறி மாறி வரும். எழுத்துகளைத் தள்ளிவிட்டு, மூன்று எண்களை எடுத்து, கடைசியில் இரண்டு பூஜ்ஜியம் சேர்த்தால் ஐந்து! நமக்கு அந்த வசதி இல்லை. நேராக உள்ளே கவுன்ட்டருக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

அந்தப் பம்புகளின் பழமையும் பெரிய கதை. அமெரிக்காவில் கடைகள் சிப் கார்டுக்கு மாறாவிட்டால் மோசடி நஷ்டம் கடைக்காரர் தலையில் என்ற விதி 2015 அக்டோபரில் வந்தது. பெட்ரோல் பம்புகளுக்கு மட்டும் தவணைமேல் தவணை கொடுத்து 2021 ஏப்ரல் வரை இழுத்தார்கள்! சிப் படிக்கும் கருவியை மாற்றக் கான்கிரீட்டை உடைத்துக் கேபிள் போட வேண்டிய பங்குகள்கூட இருந்தன. அதுவரை வெறும் காந்தப் பட்டைதான். நம் ஊரில் சிப்பும் பின்னும் பழகிப் பல வருடம் ஆன பிறகும், அங்கே கார்டைத் தேய்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். நிலவுக்கு ஆள் அனுப்பிய நாடு, என்ன சொல்ல!

ஒரு மாநிலத்தில் மட்டும் இந்தத் தலைவலியில் பாதி இல்லை. எது தெரியுமா? நம்மவர்கள் ஏராளமாக வாழும் நியூ ஜெர்சி! அங்கே காரோட்டி தானே பெட்ரோல் போட்டுக்கொள்வது 1949 முதல் சட்டப்படி தடை. நம் ஊர் மாதிரியே ஆள் வந்து போடுவார். ஒரிகான் மாநிலமும் 1951 முதல் இப்படித்தான் இருந்தது. 2023 ஆகஸ்டில் அது மனம் மாறிவிட, நியூ ஜெர்சி தனி ஆளாக நிற்கிறது. அங்குள்ள எடிசன் ஊரில் கார் கண்ணாடியை இறக்கி "ஃபில் இட் அப்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கும் சுகமே தனி. ஆனால் அந்த ஆள் உங்கள் கார்டை வாங்கிச் செருகுவதும் அதே பம்பில்தான் என்றால் துண்டு விழத்தான் செய்யும். போடுகிறவர் மாறினாலும் பம்புக்குத் தெரியாதது தெரியாததுதான்.

இப்போது முக்கியமான இடம். துண்டு எல்லாக் கார்டிலும் விழுகிறது, ஆனால் வலி ஒரே மாதிரி இல்லை! கிரெடிட் கார்டு என்றால் குறைவது வரம்பு. இரண்டு லட்ச ரூபாய் வரம்பில் 15,000 முடங்கினால் உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. டெபிட் கார்டு என்றால் முடங்குவது உங்கள் சொந்தப் பணம். அன்றைக்கு வீட்டுக் கடன் தவணை கழியும் நாளாக இருந்தால் அது திரும்பிப் போகும், அபராதமும் விழும். எல்லாவற்றையும்விட மோசம், வெளிநாடு போகும்போது டாலர் ஏற்றிக்கொண்டு போகிறோமே, அந்த ஃபாரெக்ஸ் கார்டு!

கணக்குப் போட்டுப் பாருங்கள். கார்டில் 600 டாலர் இருக்கிறது. திங்களன்று 38 டாலருக்குப் பெட்ரோல், ஹோல்ட் 175. செவ்வாய் 42 டாலர், மறுபடி 175. புதன் 35 டாலர், மறுபடியும் 175. நிஜச் செலவு 115 டாலர்தான். ஆனால் முந்தைய துண்டுகள் எதுவும் இன்னும் எடுபடவில்லை என்றால் முடங்கியது 525! மிச்சம் 75. அன்றிரவு நான்கு பேர் சாப்பிட்ட ஓட்டலில் 90 டாலர் பில் வருகிறது. கார்டு செல்லாது என்கிறார் பரிசாரகர். கணக்கில் உங்கள் பணம் 485 டாலர் இருக்க, மாவாட்டச் சொல்வார்களோ என்று முழிக்கிறீர்கள்! பெட்ரோல் பம்ப், ஓட்டல் அறை, வாடகைக் கார் ஆகிய மூன்று இடத்திலும் ஃபாரெக்ஸ் கார்டை நீட்டாதீர்கள் என்று கார்டு தரும் வங்கிகள் பல சொல்கின்றன. எங்கே சொல்கின்றன? கார்டோடு வரும் கையேட்டில். அதைப் படிக்கிறவர் யார்?

இன்னொரு பள்ளம். முதல் பம்பில் கார்டைச் செருகினீர்கள், ஏதோ பிழை என்று வந்தது. இரண்டாவது பம்புக்குப் போனீர்கள். நாசில் எட்டவில்லை என்று மூன்றாவதுக்கு. மூன்று முறையும் அனுமதி கிடைத்திருந்தால் மூன்று துண்டு! பெட்ரோல் கடைசிப் பம்பில் மட்டும். முதல் இரண்டும் பில்லே வராத அனாதைத் துண்டுகள். அவற்றை எடுக்க ஆளில்லை, தானாகக் காலாவதி ஆகிற வரை கிடக்கும்.

எவ்வளவு நாள்? சில மணி நேரத்தில் எடுபடுவதும் உண்டு, நாள்கணக்கில் கிடப்பதும் உண்டு. பம்ப் உண்மையான தொகையை உடனே அனுப்பியும், அந்தச் செய்தியை உங்கள் வங்கியின் கணினி கண்டுகொள்ளாமல் இருக்கலாம். நாடு விட்டு நாடு, நடுவில் சனி ஞாயிறு, பண்டிகை விடுமுறை எல்லாம் சேர்ந்தால் இன்னும் தாமதம். இறங்க வேண்டியவர் இறங்கிப் போய்விட்டார், துண்டு மட்டும் சீட்டில் கிடக்கிறது!

இங்கேதான் நம் ஆட்கள் ஒரு வார்த்தையில் தடுக்கி விழுகிறார்கள், "ரீஃபண்ட் இன்னும் வரலை". ரீஃபண்ட் வராது! எடுத்தால்தானே திருப்பித் தர? எடுக்காத பணத்துக்கு வரவு எப்படி விழும்? ஸ்டேட்மென்ட்டில் 175 என்ற வரி ஒரு நாள் மறைந்துபோய், அந்த இடத்தில் 38 என்ற வரி வந்து உட்காரும். அதுவும் சரியாக அதே ரூபாய்க் கணக்கில் வராது, ஏனென்றால் தீர்வு ஆகும் நாளின் டாலர் விலை வேறு. வெளிநாட்டுச் செலவுக்கான வங்கியின் கூடுதல் சதவீதமும் அதன் மேல் ஏறும். அது 38-க்குத்தான் ஏறும், 175-க்கு அல்ல என்பதில் ஒரு ஆறுதல்.

நம் பக்கத்திலேயே, சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டினால் இதே கதை வெள்ளியில்! மலேசியாவில் ரிங்கிட்டைத் தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். அங்கே எண்ணெய் நிலையத்தில் பம்பில் கார்டைச் செருகினால் 200 வெள்ளி பிடிபடும், 40 வெள்ளிக்குப் போட்டாலும் சரி. பழகியவர்கள் உள்ளே போய் "மூன்றாம் பம்ப், 50 வெள்ளி" என்று சொல்லித் தொகையைக் கட்டிவிடுவார்கள். அப்போது ஐம்பதோடு முடிந்தது.

சிங்கப்பூர் வண்டிக்கு இதில் இரண்டு சுவாரசியமான முட்டுக்கட்டை உண்டு, தெரியுமா? பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் பெட்ரோல் மலிவு, அங்கே போய் நிரப்பிக்கொள்ளலாம் என்று காலி டேங்கோடு கிளம்ப முடியாது! சிங்கப்பூரில் பதிவான வண்டி நாட்டை விட்டு வெளியேறும்போது டேங்கில் முக்கால் அளவு இருந்தாக வேண்டும். 1989-இல் பாதி டேங்க் என்று தொடங்கி 1991-இல் முக்காலாக்கினார்கள். சுங்கச் சாவடியில் முள்ளைப் பார்ப்பார்கள், குறைந்தால் அபராதம். சிலர் முள்ளிலேயே கைவரிசை காட்டியதும், அதற்குத் தனியாகத் தண்டனை இருப்பதும் வேறு கதை. சரி, முக்கால் டேங்கோடு போய்க் கால் டேங்காவது மலிவாக நிரப்பலாம் என்றால், மலேசிய அரசு மானியம் தரும் மஞ்சள் நாசில் ரான் 95 பெட்ரோலை வெளிநாட்டு வண்டிக்கு விற்பது 2010 முதல் தடை. விலை கூடிய ரான் 97-தான்!

நாசில் நிறம் என்றதும் நினைவு வருகிறது. பிரிட்டனில் பச்சை நாசில் என்றால் பெட்ரோல், கறுப்பு டீசல். அமெரிக்காவில் பல பங்குகளில் பச்சைதான் டீசல்! நிறத்தை நம்பி எதையும் டேங்கில் விடாதீர்கள். ஹோல்ட் நாலு நாளில் போய்விடும், பெட்ரோல் எஞ்சினுக்குள் போன டீசல் தானாகப் போகாது.

ஐஸ்லாந்துக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டே விமானம் ஏறுங்கள். தீவைச் சுற்றி வரும் சாலை சுமார் 1,300 கிலோமீட்டர். நடுவில் பல நிலையங்களில் மனித வாடையே இருக்காது. ஒரு பம்ப், ஒரு கார்டு மெஷின், சுற்றிலும் எரிமலைப் பாறையும் செம்மறி ஆடும். மெஷின் பின் நம்பர் கேட்கும், தெரியாவிட்டால் பெட்ரோல் கிடையாது! எவ்வளவுக்கு வேண்டும் என்றும் முதலிலேயே கேட்கும். தொகையைச் சொன்னால் அவ்வளவுக்குத்தான் பிடிக்கும், ஃபுல் டேங்க் என்று சொன்னால் பெரிய துண்டு விழும். பின் நம்பரே இல்லாத கார்டோடு வருகிற அமெரிக்கர்களுக்காக, அங்குள்ள பெட்ரோல் நிறுவனங்கள் முன்பணம் கட்டி வாங்கும் தனிக் கார்டும் விற்கின்றன. பின் போட்டே பழகிய நமக்கு இந்த இடத்தில் மட்டும் ஜெயம்.

பிரான்ஸில் ஞாயிற்றுக்கிழமை, இத்தாலியில் நள்ளிரவு. இந்த இரண்டு நேரத்திலும் ஆள் இருக்க மாட்டார், பம்ப் மட்டும் இருக்கும். 100, 150 யூரோ என்று பிடிக்கும். இத்தாலியில் பகலிலும் ஒரே நிலையத்தில் இரண்டு விலை! ஆள் போட்டால் ஒன்று, நீங்களே போட்டுக்கொண்டால் குறைவு. மலிவு விலைப் பக்கம் நிறுத்தினால் கார்டு மெஷினோடு நீங்களே மல்லுக்கட்ட வேண்டும்.

இந்தத் தலைவலியை அழகாகத் தீர்த்தவர்கள் ஜப்பானியர்கள் என்பது என் கட்சி. அங்கே 1998 வரை காரோட்டி தானே பெட்ரோல் போட அனுமதியே இல்லை. பிறகு வந்த சுய சேவைப் பங்குகளில் ரொக்கத்தையும் பம்பே விழுங்கும்! 5,000 யென் நோட்டைச் செருகி, 3,600 யென்னுக்குப் போட்டால், ஒரு ரசீது வரும். அந்த ரசீதைப் பக்கத்தில் இருக்கும் சில்லறை மெஷினில் காட்டினால் மீதி 1,400 யென் கலகலவென்று கொட்டும். துண்டும் இல்லை, நாலு நாள் காத்திருப்பும் இல்லை. என்ன, ரசீதை மறந்துவிட்டுக் கிளம்பக் கூடாது.

அப்படியானால் பார்ஸ்டோ பையன் என்ன செய்திருக்க வேண்டும்? கிளம்பும் முன் வங்கி செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட்டிருப்பான், அது சரி. ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபர் முதல் புதிதாகத் தரும் கார்டுகளில் அது மூடியே வருகிறது. பம்பில் கிரெடிட் கார்டைச் செருகியிருந்தால் வீட்டுப் பணத்துக்கு ஆபத்தில்லை. அவனிடம் இருந்தது டெபிட் கார்டுதான் என்றால் பம்பைத் தொடாமலே உள்ளே போயிருக்கலாம். கவுன்ட்டரில் ஒரு வெற்றுப் பார்வை: "பம்ப்?" "ஆறு." "எவ்வளவு?" "முப்பது டாலர்." முடிந்தது! டேங்க் 27 டாலரிலேயே நிறைந்துவிட்டாலும் மீதியைக் கழித்துக்கொண்டுதான் பில் போகும். தெரியாத ஊரில் கார் எவ்வளவு குடிக்கும் என்று தெரியாவிட்டால் அரை டேங்குக்குக் கணக்குப் போட்டுச் சொல்வது நம் ஆட்களின் வழக்கம்.

அவன் அப்படிச் செய்யவில்லை. வெயிலில் நின்றே முடித்தான். நாசிலைத் திரும்ப மாட்டியதும் திரை கேட்டது, "ரசீது வேண்டுமா?" அப்பாவுக்குக் காட்ட வேண்டுமே, ஆம் என்று அமுக்கினான். தாள் தீர்ந்துவிட்டது, உள்ளே போய்க் காசாளரிடம் வாங்கிக்கொள் என்றது திரை!